சூரிச்சில் ஒரு சத்திரம்: ஜூலை மாதத்தில் நால்வருக்கு அறை தேடிய கதை

மன்னார்குடியில் விதைக்கடை வைத்திருப்பவனுக்கு வெளியூர் போக ஆண்டில் ஒரே ஓர் இடைவெளிதான் கிடைக்கும். 2025-ஆம் ஆண்டு மேட்டூர் அணை வழக்கம்போல் ஜூன் 12 அன்று திறக்கப்பட்டது; அதற்குள் குறுவை விதை விற்று முடிந்துவிட்டது, சம்பா விதை மூட்டைகள் வந்து இறங்க ஜூலை கடைசி ஆகும். கல்லூரியை முடித்த மகளுக்கும் ஆகஸ்டில் வேலையில் சேரும்வரை அவகாசம் இருந்தது. ஆகவே அம்மா, மனைவி, மகள், நான் என்று நால்வரும் ஜூன் 28 முதல் ஜூலை 13 வரை பாரிஸ், சூரிச், வெனிஸ், ரோம் ஆகிய ஊர்களைப் பார்த்துவரத் தீர்மானித்தோம். எங்களுக்கு வசதியான அந்தப் பதினைந்து இரவுகளும் ஐரோப்பாவில் அறை வாடகை உச்சத்தில் நிற்கும் இரவுகள் என்பது அறை தேட உட்கார்ந்த முதல் நாளிலேயே புரிந்தது. நான்கு ஊர்களிலும் நான்கு வகையான இடங்களில் தங்கினோம். அவற்றைப் பற்றிய என் மதிப்பீட்டை இங்கே எழுதுகிறேன். இதில் பெரும்பகுதி சூரிச் யூத் ஹாஸ்டலைப் பற்றியதாக இருக்கும். நான்கில் அதுவே சிறந்தது என்பது ஒரு காரணம், பெயரைப் பார்த்து முதலில் நான் ஒதுக்கிவைத்ததும் அதைத்தான் என்பது இன்னொரு காரணம்.

அறைத் தட்டுப்பாடு நம் பகுதிக்குப் புதிதல்ல. ஆகஸ்ட் 29-இல் கொடி ஏறியது முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணியில் அறை கிடைப்பது எவ்வளவு அரிது என்பதும், 2016 மகாமகத்தின்போது கும்பகோணத்தில் வீட்டுத் திண்ணைகூட எவ்வளவு மதிப்புப் பெற்றிருந்தது என்பதும் எல்லோருக்கும் தெரியும். ஆனால் நம் ஊர் லாட்ஜில் இரண்டு பேர் அறையை எடுத்துக்கொண்டு, மெத்தை இரண்டு கூடுதலாகக் கேட்டால் பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள். அங்கே அந்தப் பேச்சுக்கே இடமில்லை. அறைக்கு இத்தனை பேர் என்று பதிந்திருந்தால் அத்தனை பேர்தான். ஒருவர் கூடினாலும் வரவேற்பு மேசையிலேயே நிறுத்திவிடுவார்கள், தீ விபத்துப் பாதுகாப்பு விதியும் அதற்குள் அடங்கியிருக்கிறது. முன்பதிவுத் தளங்கள் முதலில் காட்டுவது இருவருக்கான விலை. நால்வர் என்று திருத்திய மறுகணமே பட்டியலில் முக்கால்வாசி மறைந்துபோகும். எஞ்சியவற்றில் பெரும்பாலானவை இரண்டு அறைகளாக எடுக்கச் சொல்லும். யூரோ நூறு ரூபாயைத் தொட்டிருந்த நேரம் அது. சுவிஸ் பிராங்க் அதையும் தாண்டியிருந்தது. ஓர் அறையா இரண்டு அறையா என்ற கேள்வியே எங்கள் பயணச் செலவைத் தீர்மானித்தது.

ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு விண்ணப்பிக்கும்போதே எல்லா இரவுகளுக்கும் தங்குமிடத்துக்கான சான்று காட்ட வேண்டும். விசா கிடைக்குமா என்று தெரிவதற்கு முன்பே பணத்தைக் கட்டிவிட முடியாது என்பதால், கட்டணமின்றி ரத்து செய்யக்கூடிய அறைகளை மட்டுமே ஜனவரியில் பதிந்தோம். திரும்பப் பெற முடியாத பதிவு சற்று மலிவாகத் தெரியும். ஆனால் ஆளுக்கு 90 யூரோ விசாக் கட்டணம் கட்டிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கும் குடும்பத்துக்கு அந்த மலிவு ஆகாது. ரத்து செய்வதற்கான கெடு அந்த ஊர் நேரப்படி கணக்கிடப்படுகிறது என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். கோடையில் அவர்களுடைய கடிகாரம் நம்முடையதைவிட மூன்றரை மணி நேரம் பின்னால் ஓடுவது அந்த வகையில் நமக்குச் சாதகமே. திரையில் முதலில் தெரியும் விலையோடு நகர வரியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பாரிசிலும் ரோமிலும் தலைக்கு, இரவுக்கு என்று விடுதியின் தரத்துக்கேற்ப அதை வசூலிக்கிறார்கள். ஆம்ஸ்டர்டாமில் 2024 முதல் அறை விலையில் 12.5 சதவீதம் வரியாகப் போகிறது. நாங்கள் ஆம்ஸ்டர்டாமைப் பட்டியலிலிருந்து நீக்கியதற்கு அந்த வரியும் ஒரு காரணம்.

முதல் ஊரான பாரிசில்தான் எங்களுக்கு அடி விழுந்தது. லா ஷப்பேல் பகுதியில், ஈழத்தமிழர் கடைகளும் உணவகங்களும் நிறைந்த தெருக்களுக்கு அருகில், சமையலறையோடு கூடிய ஒரு வீட்டை ஐந்து இரவுகளுக்கு எடுத்திருந்தோம். அம்மாவுக்கு வெளிச்சாப்பாடு ஒத்துக்கொள்ளாது என்பதால் சமையலறையை எண்ணித்தான் அதைத் தேர்ந்தெடுத்தோம். புறப்படுவதற்கு மூன்று வாரம் இருக்கும்போது வீட்டுக்காரர் பதிவை ரத்து செய்துவிட்டார். கட்டிய பணம் முழுவதும் திரும்பியது. ஆனால் அதே பணத்துக்கு ஜூன் முதல் வாரத்தில் பாரிசுக்குள் எதுவும் கிடைக்கவில்லை, எல்லாம் ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிட்டிருந்தது. பாரிசில் வீட்டை வாடகைக்கு விடுபவர் நகராட்சியில் பதிந்து பெற்ற 13 இலக்க எண்ணை விளம்பரத்திலேயே காட்ட வேண்டும் என்பதும், ஒருவர் தாம் வசிக்கும் வீட்டை ஆண்டுக்கு 90 நாள்தான் இப்படி விடலாம் என்று 2025 முதல் வரம்பு குறைக்கப்பட்டிருக்கிறது என்பதும் எனக்குப் பிறகுதான் தெரியவந்தன. நாங்கள் எடுத்த வீட்டின் விளம்பரத்தில் அந்த எண் இருந்ததா என்று நான் பார்க்கவே இல்லை. இனி அந்த எண்ணைப் பார்க்காமல் எந்த வீட்டையும் பதிய மாட்டேன்.

இதைக் கேள்விப்பட்ட காரைக்கால் உறவினர் ஒருவர், பாரிஸ் புறநகரில் இருக்கும் தம் வீட்டிலேயே தங்கிக்கொள்ளலாம் என்று அன்போடு அழைத்தார். பிரெஞ்சு ஆட்சிக் காலத்துத் தொடர்பால் அங்கே குடியேறிய காரைக்கால் குடும்பங்கள் பல உண்டு. எனவே டெல்டாவிலிருந்து போகிறவர்களுக்கு இப்படியோர் அழைப்பு வருவது அபூர்வமல்ல. ஆனால் உறவினர் வீட்டைத் தங்குமிடமாக விசாவுக்குக் காட்ட வேண்டுமானால், அந்த வீட்டுக்காரர் தம் ஊர் நகராட்சி அலுவலகத்தில் விண்ணப்பித்து, 30 யூரோ முத்திரைக் கட்டணம் கட்டி, வரவேற்புச் சான்றிதழ் ஒன்றைப் பெற்று அனுப்ப வேண்டும். அதற்கும் நாள் பிடிக்கும். எங்களுக்கு விசா ஏற்கெனவே வந்திருந்தது. தங்கும் இடத்தை மாற்றிக் காட்டிச் சிக்கலை வரவழைக்க வேண்டாம் என்று நினைத்து, அவர் வீட்டில் ஒருவேளை சாப்பாட்டோடு நிறுத்திக்கொண்டோம். முன்பே யோசித்திருந்தால் அந்த வழியையே எடுத்திருப்பேன்.

கடைசியில் பாரிஸ் எல்லைக்கு வடக்கே, சென் தெனியில் ரயில் நிலையத்துக்கு அருகில் ஒரு சிக்கன விடுதியில் இரண்டு அறைகள் எடுத்தோம். இடத்தேர்வில் குறை சொல்ல மாட்டேன். 2025 ஜனவரி முதல் பாரிஸ் வட்டாரம் முழுமைக்கும், விமான நிலையம் நீங்கலாக, மெட்ரோவுக்கும் புறநகர் ரயிலுக்கும் ஒரே விலைப் பயணச்சீட்டு (2025-இல் 2.50 யூரோ) என்று ஆகிவிட்டதால், தூரத்தில் தங்கினால் ரயில் கட்டணம் கூடும் என்ற பழைய கணக்கு இப்போது செல்லாது. லா ஷப்பேலுக்குப் போய் இட்லியும் சாம்பாரும் சாப்பிட்டு, அப்படியே பஜோல் தெருவில் உள்ள மாணிக்க விநாயகர் ஆலயத்தையும் தரிசித்துத் திரும்ப எங்களுக்குச் சிரமம் இருக்கவில்லை.

விடுதிதான் சோதித்தது. நாங்கள் போன வாரம் பிரான்ஸ் முழுவதும் வெப்ப அலை; ஜூலை 1, 2 ஆகிய நாள்களில் ஐஃபல் கோபுரத்தின் உச்சித் தளத்தையே வெயிலுக்காக மூடிவிட்டார்கள். அறையில் ஏ.சி. இல்லை என்பது தெரிந்தே போனோம், நமக்கு வெயில் பழக்கம்தானே என்ற துணிவு இருந்தது. ஆனால் மின்விசிறியும் இல்லாத அறை என்று ஒன்று இருக்கும் என எண்ணிப் பார்க்கவில்லை. சன்னல் நான்கு விரற்கடைக்கு மேல் திறக்காது, இரவு பத்து மணிவரை வெளிச்சம் அடங்காது. சித்திரை வெயிலில் மன்னார்குடியில் உறங்கியிருக்கிற அம்மா அங்கே இரண்டு இரவு உறங்கவில்லை. ஜூன், ஜூலையில் போகிறவர்கள் முன்பதிவுத் தளத்தில் ஏ.சி. என்ற குறியைத் தேடுங்கள், அது இல்லாவிட்டால் மேசை விசிறியாவது தருவார்களா என்று எழுதிக் கேட்டுப் பதில் வாங்கிய பிறகு பணம் கட்டுங்கள்.

ஜூலை 3 அன்று பாரிசிலிருந்து நான்கு மணி நேர ரயில் பயணத்தில் சூரிச் சேர்ந்தோம். யூத் ஹாஸ்டல் என்ற பெயரில் இருக்கும் இளைஞர் என்ற சொல்தான் ஜனவரியில் என்னைத் தயங்க வைத்தது. எழுபது வயது அம்மாவை அழைத்துக்கொண்டு முதுகுப்பை மாணவர்களுக்கு நடுவே எப்படித் தங்குவது என்று நினைத்தேன். மகள்தான், அங்கே வயது வரம்பு கிடையாது, கட்டில் கணக்கில் பொது அறையும் உண்டு, குளியலறையோடு கூடிய நான்கு கட்டில் தனி அறையும் உண்டு என்று எடுத்துக் காட்டினாள். அதே தேதிகளில் சூரிச் ஓட்டல்களில் இரண்டு அறைகளுக்கு இரவொன்றுக்கு நானூறு பிராங்குக்கு மேல் கேட்டார்கள்; இங்கே நால்வருக்கும் சேர்த்து இருநூறுக்குச் சற்றுக் கூடுதலாக ஆனது. சுவிஸ் யூத் ஹாஸ்டல் அமைப்பில் உறுப்பினராக இல்லாதவர்களுக்கு இரவுக்கு ஒரு சிறு தொகை கூடும். அதையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கைச் சொல்கிறேன். காலை உணவும் படுக்கை விரிப்பும் வாடகைக்குள்ளேயே அடங்கிவிட்டன. சூரிச்சில் வெளியே நால்வர் காலையில் சாப்பிட்டால் என்ன ஆகும் என்பதை இரண்டாம் நாள் ஒரு காப்பிக்கடையின் விலைப்பலகையைப் பார்த்தபோதே உணர்ந்தேன்.

விடுதி நகரின் தெற்கே, ஏரியை ஒட்டிய வொல்லிஸ்ஹோஃபன் என்ற குடியிருப்புப் பகுதியில் இருக்கிறது. மத்திய ரயில் நிலையத்திலிருந்து 7-ஆம் எண் டிராமில் ஏறி மோர்கன்டால் நிறுத்தத்தில் இறங்கினால், பெட்டியை இழுத்துக்கொண்டு ஐந்து நிமிட நடை. கூட்டம் மொய்க்கிற இடமல்ல என்பதால் மாலையில் ஏரிக்கரைக்கு நடந்து போய் வருவது அம்மாவுக்குப் பிடித்திருந்தது. அறை சிறியது, ஆனால் நெருக்கியடிக்கவில்லை. இரண்டடுக்குக் கட்டில்கள் இரண்டு. கீழ்க் கட்டில்களை அம்மாவும் மனைவியும் எடுத்துக்கொள்ள, நானும் மகளும் ஏணி ஏறினோம். முழங்கால் வலி உள்ள இருவர் குடும்பத்தில் இருந்தால் கீழ்க் கட்டில் எத்தனை என்பதைப் பதியும்போதே எண்ணிக்கொள்ள வேண்டும்.

காலை உணவு மேசையில் ரொட்டி, பாலாடைக்கட்டி, பழம், தயிர் ஆகியவற்றோடு பிர்ஹர் மூஸ்லியும் இருந்தது. ஓட்ஸைப் பாலில் ஊறவைத்து ஆப்பிளைத் துருவிப் போட்ட இந்த உணவை, சூரிச்சில் மருத்துவராக இருந்த பிர்ஹர் பென்னர் என்பவர்தான் தம் நோயாளிகளுக்காக உருவாக்கினார். அம்மா ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு, “இது நம்ம ஊற வச்ச அவல்தாம்ப்பா, வெல்லம் போடல, அவ்வளவுதான்” என்றார். பாரிசில் ஐந்து நாள் சரியாகச் சாப்பிடாதவர் அங்கே நான்கு காலையும் திருப்தியாகச் சாப்பிட்டார். என் மதிப்பெண்ணில் பாதி அதற்கே போகும்.

அம்மா இன்னொன்றும் சொன்னார். முதல் நாள் இரவு, கீழே பொது அறையில் சைக்கிளில் வந்த ஒரு குடும்பமும், பள்ளிப் பிள்ளைகளோடு வந்த ஆசிரியர்களும், தனியே வந்த ஒரு முதியவரும் தத்தம் மேசையில் அமர்ந்திருப்பதைப் பார்த்து, “ஒரத்தநாட்டுச் சத்திரம் இப்பிடித்தான் இருந்திருக்கும்” என்றார். நான் அதைப் பற்றி நிறைய யோசித்தேன். தஞ்சை மராட்டிய மன்னர்கள் இராமேசுவரம் போகும் வழி நெடுகிலும் யாத்திரிகர்களுக்காகச் சத்திரங்கள் கட்டினார்கள். சரபோஜி மன்னர் தம் அன்புக்குரிய முத்தம்பாளின் நினைவாக ஒரத்தநாட்டில் எழுப்பிய சத்திரமும், எங்கள் ஊருக்கு அருகே நீடாமங்கலத்தில் உள்ள யமுனாம்பாள் சத்திரமும் அவற்றில் சேர்ந்தவை. வழிப்போக்கனுக்குப் படுக்க இடமும் உண்ணச் சோறும் ஊர்ப் பொறுப்பு என்ற எண்ணத்தில் எழுந்தவை அவை. யூத் ஹாஸ்டலும் அப்படியொரு தேவையில்தான் பிறந்திருக்கிறது. ஜெர்மனியில் ரிச்சர்ட் ஷிர்மன் என்ற பள்ளி ஆசிரியர் 1909 ஆகஸ்டில் மாணவர்களை நடைப்பயணம் அழைத்துப் போனபோது இடிமழையில் சிக்கி, ஒரு பள்ளிக்கூடத்தில் வைக்கோலைப் பரப்பி இரவைக் கழித்தார். விடுமுறையில் காலியாகக் கிடக்கும் பள்ளிகளை நடந்து வருகிற பிள்ளைகளுக்குத் திறந்துவிட்டால் என்ன என்று அன்றிரவு அவருக்குத் தோன்றியது. 1912-இல் அல்டேனா கோட்டையில் நிலையான விடுதி திறந்தது. நம் சத்திரத்தில் காசு வாங்கவில்லை, இங்கே வாங்குகிறார்கள் என்ற பெரிய வேறுபாடு உண்டுதான். ஆனாலும் லாபத்துக்காக நடக்கும் ஓட்டல் சீசனைப் பார்த்து விலையை ஏற்றும் அளவுக்கு இங்கே ஏற்றவில்லை என்பதை ஜனவரி, ஏப்ரல், ஜூன் என்று மூன்று முறை விலையை ஒப்பிட்டுப் பார்த்ததில் கண்டேன்.

சூரிச்சைப் பற்றி இரண்டு செய்திகள். அது வங்கிகளும் அலுவலகங்களும் நிறைந்த ஊர். வார நாள்களில் வேலையாக வருபவர்களால் ஓட்டல்கள் நிரம்பும், சனி ஞாயிறுகளில் விலை இறங்கும். வெனிஸ் போன்ற சுற்றுலா ஊர்களில் இது நேர் எதிர். ஆகவே வாரக் கடைசி சூரிச்சிலும், திங்கள் முதல் வியாழன்வரை வெனிசிலும் வருமாறு பயணத்தை அடுக்கினோம். இந்த ஓர் அடுக்கு மாற்றமே எங்களுக்கு ஒரு நாள் வாடகையை மிச்சப்படுத்தியது. பிரஸ்ஸல்சும் இதே வகை என்பதால், கோடை விடுமுறையில் ஐரோப்பிய ஒன்றிய அலுவலகங்கள் ஓய்ந்திருக்கும்போது அங்கே தங்கிப் பாரிசை எட்டிப் பார்ப்பவர்களும் உண்டு. இரண்டாவது, பாசல், ஜெனீவா, பெர்ன் ஆகிய சுவிஸ் நகரங்களில் விடுதியில் தங்குபவர்களுக்கு டிராமும் பேருந்தும் இலவசம், சூரிச்சில் அது கிடையாது. நால்வருக்கு டிராம் கட்டணம் நாள்தோறும் கணிசமாக ஆனது. தண்ணீருக்கு மட்டும் காசு செலவாகவில்லை. ஊர் முழுவதும் ஆயிரத்து இருநூறுக்கு மேற்பட்ட குடிநீர் ஊற்றுகள் இருக்கின்றன, எங்கள் புட்டிகளை அவற்றிலேயே நிரப்பிக்கொண்டோம்.

வெனிசைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். தீவுக்குள் தங்காமல் நிலப்பகுதியான மெஸ்த்ரேயில், ரயில் நிலையத்துக்கு எதிரே ஏ.சி.யோடு நான்கு கட்டில் அறை எடுத்தோம். அங்கிருந்து தீவில் உள்ள சாந்தா லூசியா ரயில் நிலையத்துக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிடம். கட்டணம் இரண்டு யூரோவுக்கும் குறைவு. இரவு ரயில் சத்தம் இருந்தது, மற்றபடி குறையில்லை. தீவுக்குள் தங்கினால் காலையும் இரவும் கூட்டமில்லாத வெனிசைப் பார்க்கலாம் என்பது உண்மைதான், ஆனால் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு படி வைத்த பாலங்களை ஏறி இறங்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு முறைக்கு ஆளுக்கு 9.50 யூரோ கொடுத்துப் படகில் போக வேண்டும். பகலில் மட்டும் வந்து போகிறவர்களிடம் 2024 முதல் குறிப்பிட்ட நாள்களில் வாங்கும் நுழைவுக் கட்டணம் மெஸ்த்ரேயில் தங்குபவர்களுக்குக் கிடையாது, அதுவும் வெனிஸ் நகராட்சிக்குள் அடங்கிய பகுதிதான். ஆனால் விலக்குக்கான பதிவை வலைத்தளத்தில் செய்துகொள்ள வேண்டும். சற்றுத் தள்ளிப் பாதுவாவில் தங்கினால் அந்த விலக்கு இல்லை.

2025 கத்தோலிக்கத் திருச்சபையின் யூபிலி ஆண்டு என்பதால் உலகெங்கிலுமிருந்து யாத்திரிகர்கள் ரோமில் குவிந்திருந்தார்கள். ஓட்டல் விலையைப் பார்த்து ரோமையே கைவிட இருந்தபோது, வேளாங்கண்ணியில் திருத்தல நிர்வாகமே நடத்தும் விடுதிகளில் நாங்கள் தங்கிய நினைவில் என் மனைவி, ரோமில் அப்படி இருக்காதா என்று கேட்டாள். இருக்கிறது. இத்தாலியில் கன்னியர் மடங்களும் துறவியர் இல்லங்களும் விருந்தினர் இல்லங்களை நடத்துகின்றன. எந்த மதத்தவரும் தங்கலாம். பெரிய முன்பதிவுத் தளங்களில் அவற்றில் பல தென்படுவதில்லை, மின்னஞ்சல் எழுதித்தான் கேட்க வேண்டும். ஐந்து மடங்களுக்கு எழுதினோம், இரண்டு பதில் தந்தன, ஒன்றில் இருவர் அறைகள் இரண்டு கிடைத்தன. வழவழப்பு எதுவும் இல்லாத, சோப்பு வாசனை வீசும் சுத்தமான அறைகள். உள்முற்றத்தில் எலுமிச்சை மரம். இரவு பதினொரு மணிக்கு வாசற்கதவைச் சாத்திவிடுவார்கள். சகோதரி ஒருவர் அம்மாவின் கையைப் பிடித்து மாடிப்படி ஏற்றிவிட்டார். இருவருக்கும் பொதுமொழி இல்லை, ஆனாலும் மூன்று நாளும் பேசிக்கொண்டேதான் இருந்தார்கள். அந்த விருந்தோம்பலுக்கு விலை போட எனக்கு மனமில்லை.

திரும்பி வந்தபின் கணக்குப் போட்டுப் பார்த்ததில், நால்வருக்கு ஓர் இரவுச் செலவு மிகக் கூடுதலாக ஆனது பாரிசில், கடைசி நேரத்தில் எடுத்த அந்த இரண்டு அறைகளுக்கே. உலகின் விலைகூடிய ஊர்களில் ஒன்று என்று பேர்பெற்ற சூரிச்சில், காலை உணவையும் சேர்த்துப் பார்த்தால், அதைவிடக் குறைவாகவே ஆகியிருந்தது. இதே வகையில் வியன்னாவிலும் சால்ஸ்பர்க்கிலும் மாணவர் விடுதிகள் கோடை விடுமுறையில் ஓட்டல்களாக மாறுகின்றன, லண்டனில் எல்.எஸ்.இ. கல்லூரியும் தன் மாணவர் விடுதி அறைகளைக் கோடையில் பயணிகளுக்கு விடுகிறது. அடுத்த முறைக்கு மகள் அவற்றைக் குறித்துவைத்திருக்கிறாள்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். கணவன் மனைவி இருவர் மட்டும் போவதாக இருந்தால் சூரிச் யூத் ஹாஸ்டலின் இருவர் அறை சாதாரண ஓட்டலைவிட அவ்வளவு மலிவாக இராது, வாரக் கடைசியில் ஓட்டலே சில சமயம் குறைந்துவரும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பதியுங்கள். மூவரோ நால்வரோ, அதிலும் பெரியவர் ஒருவரோடு போகிறீர்கள் என்றால், விமானச்சீட்டு எடுப்பதற்கு முன்பே அந்த நான்கு கட்டில் அறையைக் கேளுங்கள். குளியலறையோடு கூடிய அத்தகைய அறைகள் சிலவே உள்ளன. ஜனவரியில் எங்களுக்குக் கிடைத்தது போன்ற அறை ஏப்ரலில் பார்த்தபோது அந்தத் தேதிகளில் ஒன்றுகூட மீதமிருக்கவில்லை.